த்ரோ-இன் பந்தைக் கையால் பிடித்ததற்கு ரெட் கார்டா?

நேற்று எங்கள் ஊர் மைதானத்தில் ஃபுட்பால் செமி ஃபைனல். நான்தான் கீப்பர். 1-1, முடிய ஐந்து நிமிஷம். பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை எங்கள் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாளன்) கையால் எறிந்து எனக்கு த்ரோ போட்டான். பந்து மண்ணில் குத்தி, நான் நினைத்ததைவிட வேகமாகக் கோலை நோக்கி உருண்டது. உள்ளே போய்விடும் என்ற பயத்தில் பாய்ந்து அமுக்கிவிட்டேன். ரெஃப்ரி விசில் ஊதி எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை) கொடுத்தார். கூடவே யெல்லோ கார்டு. நேரம் கடத்தியதாக ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தேன், அதனால் ரெட். எதிரணியில் ஒருவன் தட்டிவிட, இன்னொருவன் அடித்தான். கோல். ஆட்டம் போச்சு. தன் ஆள் காலால் உதைத்து அனுப்பினால்தானே பேக் பாஸ், கீப்பர் கையால் தொடக்கூடாது? த்ரோ கையால்தானே போட்டான்?

பழைய கீப்பர்:
ரெஃப்ரி செய்தது தப்பு தம்பி. உதைத்த பந்தைத்தான் தொடக்கூடாது. த்ரோவை நானே எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன்.

லைன்ஸ்மேன்:
அண்ணா, நீங்கள் பிடித்த காலத்தில் அது சரி. பேக் பாஸ் விதி 1992-ல் வந்தபோது த்ரோ அதில் இல்லை. எல்லோரும் அந்தச் சந்தில் புகுந்து நேரம் கடத்தவே, 1997-ல் த்ரோவையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஃப்ரீ கிக் சரிதான்.

கார்டுதான் தப்பு. கீப்பர் தன் பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் அவர் கையைப் பயன்படுத்தலாம் என்ற கட்டம்) தொடக்கூடாத பந்தைக் கையால் தொட்டால் ஃப்ரீ கிக்கோடு சரி. கோலையே தடுத்திருந்தாலும் அதற்காக யெல்லோவும் இல்லை, ரெட்டும் இல்லை. கமிட்டியிடம் விதிப் புத்தகத்தில் 12-வது விதியைக் காட்டிப் பேசிப் பாருங்கள். முடிவு மாறாது, ஃபைனலும் கிடைக்காது. ரெட் கார்டையாவது நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று சொன்னால் வயிறு எரியும். நீங்கள் தொடாமலே விட்டிருக்கலாம். தன் ஆள் போட்ட த்ரோ யார் மேலும் படாமல் நேராகத் தன் கோலுக்குள் போனால் கோல் கிடையாது, எதிரணிக்குக் கார்னர்.

கேட்டவர்:
அடப்பாவி! சும்மா நின்றிருந்தாலே போதுமா?

லைன்ஸ்மேன்:
நிற்கவும் தைரியம் வேண்டும். 2002 செப்டம்பரில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சிட்டியோடு நடந்த ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவின் மெல்பெர்க் தன் கீப்பர் என்கெல்மனுக்கு த்ரோ போட்டார். என்கெல்மன் காலால் நிறுத்தப் பார்த்தார். பந்து பூட்ஸுக்கு அடியில் நழுவி உள்ளே போய்விட்டது. தான் தொடவே இல்லை என்றார் அவர். தொட்டார் என்று ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார். 3-0 என்று வில்லா தோற்றது. காலில் உரசினாலே கோல் ஆகிவிடும், அதுதான் சிக்கல்.

கேட்டவர்:
த்ரோவை வேறொருவன் தலையால் எனக்குத் தட்டினால் பிடிக்கலாமா?

லைன்ஸ்மேன்:
ஆட்டப் போக்கில் தலை, மார்பு, முட்டி எதில் பட்டு வந்தாலும் பிடிக்கலாம். ஆனால் ஒருவன் பந்தைத் தன் காலால் தூக்கி, தானே தலையால் தட்டி அனுப்பினால் அது ஏமாற்று வேலை. அவனுக்கு யெல்லோ கிடைக்கும், நீங்கள் பந்தைத் தொடாவிட்டாலும்கூட.

பழைய கீப்பர்:
1997-ஆ? நான் கையுறையைக் கழற்றி வைத்தது 1995-ல். சரி, தம்பி, அந்த லெஃப்ட் பேக்கை இனி லைன் ஓரமாக முன்னால் போடச் சொல்.