முதல் வேட்டைக்கு முன்னால்: டெக்சாஸில் எங்கள் பையனின் துப்பாக்கி வகுப்பு

துப்பாக்கி என்றாலே பேச்சை மாற்றும் வீடு எங்களுடையது. பையனின் நண்பன் வீட்டிலோ தாத்தா காலத்திலிருந்து வேட்டைக்குப் போகிறார்கள். செப்டம்பர் 1 புறா சீசனுக்கு இவனையும் கூப்பிட்டார்கள்.

டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டையாட 'ஹண்டர் எஜுகேஷன்' என்ற வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். 9 வயதிலேயே சான்றிதழ் வாங்கலாம். அது இல்லாத சிறுவர்களை உரிமம் உள்ள பெரியவர் கூட்டிப்போகவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நண்பனின் அப்பா, வகுப்பு முடிக்காமல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் நானும் சம்மதித்தேன்.

சுடுவதைவிட, எப்போது சுடக்கூடாது என்பதைத்தான் அங்கே அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, திறந்து, தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் நம் கண்முன்னே பார்த்திருந்தாலும் சரி, நாமும் பார்க்க வேண்டும். சுட முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியே. முள்வேலி தாண்டுவதென்றால் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை வேலிக்கடியில் அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் ஆள் தாண்டலாம்.

பையன் வீட்டுக்கு வந்து விடாமல் பேசியது மஞ்சள் தோட்டாவைப் பற்றித்தான். கேஜ் என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறிது. 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது அழகுக்காக இல்லை. அதைத் தவறிப்போய் 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் உள்ளே நழுவிக் குழலில் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலி என்று நினைத்து இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். ஒரே சட்டைப்பையில் இரண்டையும் கலந்து வைக்காதே என்று இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறான். என்னிடம் துப்பாக்கியே கிடையாது!

வேட்டையன்று சிறுவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான். ஒரு புறா தாழப் பறந்து வந்தது. இவன் சுடவில்லை. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் சுடலாம் என்பது விதி. புதருக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கலாம். வேறு எதுவும் கிடைக்காமல் வெறுங்கையோடுதான் திரும்பினான். நண்பனின் அப்பாவோ அந்தச் சுடாத புறாவைப் பற்றியே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

என் மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பையனை எந்த வீட்டுக்கு விளையாட அனுப்பினாலும், துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா, தோட்டா தனியாக இருக்கிறதா என்று இப்போது அவளே கேட்டுவிடுகிறாள். நம் ஆட்களுக்கு இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.