எத்தனை முறை சேவ் செய்தாலும் கரண்ட் போனால் எல்லாம் போய்விடுகிறது: சிஸ்கோ 1841

பல்லாவரம்_பையன்:

வணக்கம். சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) படிக்கிறேன். இத்தனை நாள் பாக்கெட் ட்ரேசர் என்ற சிமுலேட்டரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவன், நிஜப் பெட்டியில் கை வைத்துப் பார்க்கும் ஆசையில் போன வாரம் ரிச்சி தெருவில் ஒரு பழைய 1841 ரவுட்டர் வாங்கினேன். வெளிர்நீலக் கன்சோல் கேபிள் தனிக் காசு, யூஎஸ்பி கன்வெர்ட்டர் தனிக் காசு. லேப்டாப்பில் புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600 வைத்து என்டர் தட்டியதும் எழுத்து ஓட ஆரம்பித்தது, அதுவரை சரி.

செய்தது இவ்வளவுதான். எனேபிள், கான்ஃப் டி (அமைப்பை மாற்றும் மோடு), ஹோஸ்ட்நேம் (ரவுட்டரின் பெயர்) மாடி, ஒரு எனேபிள் சீக்ரெட் (பாஸ்வேர்ட்). வீட்டு ஃபைபர் பெட்டியில் இருந்து வரும் கேபிளை ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0-இல் செருகி 'ஐபி அட்ரஸ் டிஹெச்சிபி' (முகவரியை அந்தப் பெட்டியிடமே வாங்கிக்கொள்ள) கொடுத்தேன். 0/1-க்கு 192.168.10.1, மாஸ்க் 255.255.255.0. இரண்டு போர்ட்டையும் திறக்க நோ ஷட்டவுன். லேப்டாப்புக்குக் கையால் 192.168.10.2 போட்டு பிங் செய்தால் ரவுட்டர் பதில் தருகிறது. சேவ் செய்ய 'காப்பி ரன் ஸ்டார்ட்' கொடுத்தேன், பில்டிங் கான்ஃபிகரேஷன் என்று சொல்லி ஓகே என்றும் வந்தது.

சுவிட்சை அணைத்துப் போட்டால் புதுப் பெட்டி மாதிரி, இனிஷியல் கான்ஃபிகரேஷன் டயலாக்கிற்குள் போகவா, எஸ்/நோ என்று கேட்கிறது. ப்ராம்ப்டில் 'மாடி' இல்லை, வெறும் 'ரவுட்டர்'. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதை. வாங்கிய கடையில் கேட்டால் "உள்ளே பேட்டரி போயிருக்கும் தம்பி" என்கிறார். திறந்து மாற்றுவதா, திருப்பிக் கொடுப்பதா?

(ஃபோனில் கீபோர்டை மாற்றி மாற்றிக் கை வலிக்கிறது, அதனால் கமாண்டையும் தமிழிலேயே அடித்துவிட்டேன், மன்னிக்கவும்.)

சீரியல்_போர்ட்:

ப்ரோ, அடிக்கிற கமாண்ட் எல்லாம் ரன்னிங் கான்ஃபிக்கில்தான் போய் உட்காரும், அது ராமில் இருப்பது, கரண்ட் போனால் போச்சு. 'ரைட்' கொடுத்தால்தான் என்விராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) ஸ்டார்ட்அப் கான்ஃபிக்காக ஏறும். கொடுத்தீங்களா?

கேபிள்_ராணி:

கேள்வியை முழுசா படிங்க, 'காப்பி ரன் ஸ்டார்ட்' கொடுத்தேன் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். ரைட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பல்லாவரம், ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. அணைத்துப் போட்டு, அந்த எஸ்/நோ கேள்விக்கு நோ சொல்லி, எனேபிள் போய், வேறு எதையும் தொடாமல் 'ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' மட்டும் அடித்துப் பாருங்கள். 'மாடி' அதில் இருந்தால் என்விராம் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரி மேல் பழி போட வேண்டாம். அப்புறம் 'ஷோ வெர்ஷன்' அடித்துக் கடைசி வரியை இங்கே போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பல்லாவரம்_பையன்:

அக்கா, ஸ்டார்ட்அப்பில் எல்லாமே இருக்கிறது!! ஹோஸ்ட்நேம் மாடி, இரண்டு இன்டர்ஃபேஸ், சீக்ரெட், எல்லாம். ஷோ வெர்ஷன் கடைசி வரி: கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் இஸ் 0எக்ஸ்2142.

டயல்அப்_காலத்தவன்:

அந்த 2142-தான் திருடன். தம்பி, உன் கான்ஃபிக் எங்கேயும் போகவில்லை, ரவுட்டர் அதைத் திறந்து பார்க்காமலே பூட் ஆகிறது, அவ்வளவுதான்.

ரவுட்டர் எப்படிப் பூட் ஆக வேண்டும் என்று சொல்வதுதான் அந்த ரெஜிஸ்டர், அது 2102 என்று இருக்க வேண்டும். 2142 என்றால் 'பூட் ஆகும்போது என்விராமில் இருப்பதைக் கண்டுகொள்ளாதே' என்று அர்த்தம். இதை யாரும் விளையாட்டுக்கு வைப்பதில்லை, பாஸ்வேர்ட் தெரியாத பெட்டியைத் திறக்கத்தான் வைப்பார்கள். ஏதோ ஒரு ஆபீஸில் இருந்து கழித்துக் கட்டிய பெட்டி கடைக்கு வந்திருக்கும், எனேபிள் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. பவர் போட்ட முதல் நிமிடத்துக்குள் பிரேக் கீயைத் தட்டி ராம்மானுக்குள் (ரவுட்டர் முழுதாக எழுவதற்கு முன் வரும் அடிப்படை மோடு) இறங்கி, 'கான்ஃப்ரெக் 0எக்ஸ்2142', அப்புறம் 'ரீசெட்'. பழைய கான்ஃபிக்கைப் படிக்காததால் பழைய பாஸ்வேர்டும் கேட்காது, நேராக உள்ளே போய்விடலாம். வேலை முடிந்ததும் திரும்ப 2102 ஆக்க வேண்டும், அதைத்தான் மறந்துவிட்டு உன்னிடம் தள்ளியிருக்கிறார்கள். (நானும் ஒரு முறை மறந்தேன், அதுவும் ஒரு கிளை அலுவலக ரவுட்டரில். அடுத்த மின்வெட்டு வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி பஸ் பிடித்துப் போனேன்.)

இப்போது நீ செய்ய வேண்டியது, வரிசை முக்கியம். முதலில் 'காப்பி ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் ரன்னிங்-கான்ஃபிக்'. நீ வழக்கமாகக் கொடுப்பதற்குத் தலைகீழ், இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டு. பழக்க தோஷத்தில் 'காப்பி ரன் ஸ்டார்ட்' என்று அடித்துவிட்டால் இந்த வெற்றுக் கான்ஃபிக் போய் நல்லதன் மேல் உட்கார்ந்துவிடும், அப்புறம் மீட்க வழியில்லை. சரியாக அடித்தால் ப்ராம்ப்ட் அந்த நொடியே 'மாடி' என்று மாறும். அதற்கப்புறம் கான்ஃப் டி போய் 'கான்ஃபிக்-ரெஜிஸ்டர் 0எக்ஸ்2102'. ஷோ வெர்ஷன் இப்போதும் 2142 என்றுதான் காட்டும், ஆனால் பக்கத்திலேயே அடுத்த ரீலோடில் 2102 ஆகும் என்று எழுதியிருக்கும். பிறகு ரைட், பிறகு ரீலோட்.

கேபிள்_ராணி:

நான் நினைத்ததும் இதுதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ரைட் கொடுப்பதற்கு முன் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' பாருங்கள். இரண்டு போர்ட்டும் அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன் என்று இருக்கும்.

ஏன் என்றால், 'காப்பி ஸ்டார்ட் ரன்' பழையதைத் துடைத்துவிட்டு எழுதுவதில்லை, இருப்பதன் மேல் சேர்த்து எழுதுகிறது. வெற்றாகப் பூட் ஆன ரவுட்டரில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸின் கீழும் 'ஷட்டவுன்' வரி இருக்கும். நீங்கள் சேவ் செய்த ஃபைலில் 'நோ ஷட்டவுன்' என்ற வரியே கிடையாது, திறந்திருக்கும் போர்ட்டுக்கு ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) அப்படி ஒரு வரியை எழுதிவைப்பதில்லை. அதனால் ஐபி வந்து சேரும், ஷட்டவுன் அப்படியே நிற்கும். இரண்டு போர்ட்டிலும் கையால் நோ ஷட் கொடுத்துவிட்டு ரைட் கொடுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் நல்ல கேபிளை எல்லாம் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

கன்சோலில் இன்னும் இரண்டு வரி போட்டால் நிம்மதி. 'நோ ஐபி டொமைன்-லுக்அப்', இல்லையென்றால் தப்பாக அடித்த ஒவ்வொரு வார்த்தையையும் ஏதோ கம்ப்யூட்டர் பெயர் என்று நினைத்து டிஎன்எஸ்ஸில் தேடிக்கொண்டு நிற்கும் (மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 சேர்த்து அழுத்துங்கள்). இன்னொன்று லைன் கான் 0-க்குள் (கன்சோல் போர்ட்டின் அமைப்பு) 'லாகிங் சிங்க்ரனஸ்', நாம் பாதி அடிக்கும்போது லாக் வந்து நடுவில் விழுந்தாலும் அடித்த வரியைத் திரும்பக் கீழே போட்டுத்தரும்.

பல்லாவரம்_பையன்:

ப்ராம்ப்ட் 'மாடி' என்று மாறியபோது சத்தமாகக் கத்திவிட்டேன், அம்மா கீழே இருந்து என்னடா என்று கேட்டார்கள். அக்கா சொன்ன மாதிரியே இரண்டும் டவுன். நோ ஷட், ரெஜிஸ்டர், ரைட், ரீலோட். இப்போது சுவிட்சை அணைத்துப் போட்டாலும் 'மாடி'யாகவே வருகிறது, ஷோ வெர்ஷனில் 2102.

அடுத்த கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ரவுட்டரில் இருந்து இன்டர்நெட்டில் இருக்கும் 8.8.8.8-க்குப் பிங் போகிறது. லேப்டாப்பில் இருந்து போகவில்லை, கேட்வே 192.168.10.1 சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். நாட் (உள் முகவரியை வெளியே போகும்போது ரவுட்டரின் முகவரியாக மாற்றுவது) போட்டாச்சு: 'அக்சஸ்-லிஸ்ட் 1 பெர்மிட் 192.168.10.0 255.255.255.0', அப்புறம் 'ஐபி நாட் இன்சைட் சோர்ஸ் லிஸ்ட் 1 இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0 ஓவர்லோட்'. 0/0 அவுட்சைட், 0/1 இன்சைட்.

சீரியல்_போர்ட்:

இந்தத் தடவை முழுசா படித்தேன் :) அக்சஸ்-லிஸ்ட்டில் மாஸ்க் போட்டிருக்கீங்க, அங்கே வைல்ட்கார்ட் போடணும், 0.0.0.255. அதில் 0 இருக்கும் இடம் பொருந்தியே ஆகணும், 255 இருக்கும் இடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, மாஸ்க்குக்கு நேர் எதிர். 'ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸ்' அடித்தால் 192.168.10.0-வே இருக்காது, 0.0.0.0 என்று மாறியிருக்கும். நீங்க போட்டதற்கு அர்த்தம், முதல் மூன்று எண் என்னவாக இருந்தாலும் சரி, கடைசி எண் மட்டும் 0 ஆக இருக்கணும். உங்க லேப்டாப் கடைசி எண் 2, அதனால் லிஸ்ட்டில் மாட்டவே இல்லை, நாட்டும் நடக்கவில்லை. பாக்கெட் 192.168.10.2 என்ற முகவரியோடவே ஃபைபர் பெட்டிக்குப் போகுது, அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு நெட்வொர்க் இருப்பதே தெரியாது, பதிலை எங்கே அனுப்பும்?

'நோ அக்சஸ்-லிஸ்ட் 1' கொடுத்துவிட்டு 0.0.0.255-ஓட திரும்ப அடிங்க. லேப்டாப்பில் பிங்கை ஓடவிட்டு 'ஷோ ஐபி நாட் ட்ரான்ஸ்லேஷன்ஸ்' பாருங்க, வரி வந்தால் வேலை முடிஞ்சது.

டயல்அப்_காலத்தவன்:

சரியான பதில். தம்பி, ஒன்று மட்டும். 1841-க்கு சிஸ்கோ சப்போர்ட்டை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, செக்யூரிட்டி ஓட்டைகளுக்குப் புது ஐஓஎஸ் வராது. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் வைத்துப் படிக்க அருமையான பெட்டி. ஃபைபர் பெட்டியைத் தூக்கிவிட்டு இதை நேராக இன்டர்நெட்டில் மாட்டிவிடாதே.

பல்லாவரம்_பையன்:

ஷோ அக்சஸ்-லிஸ்ட்ஸில் அப்படியே 0.0.0.0 என்றுதான் இருந்தது. மாற்றியதும் பிங் போய்விட்டது, இந்தப் பதிவை அந்த லேப்டாப்பில் இருந்துதான் எழுதுகிறேன். நேராக மாட்ட மாட்டேன் அண்ணா. இப்போது ரைட் கொடுத்துவிட்டு வருகிறேன்.