மென்பொருள் பொறியியல்: நேர்வகுப்பில் விவாதிப்பவர்கள் இணையவழியில் மௌனமாவது ஏன்?

கேள்வி

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மென்பொருள் பொறியியலை இரண்டு பிரிவுகளாகக் கற்பிக்கிறேன். ஒன்று நேரில், மற்றொன்று முழுக்க இணையவழியில். இந்தப் பருவத்தில் விரிவுரையைக் குறைத்து, நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதுவதையும் பிறர் நிரலை மீளாய்வு செய்வதையும் மாணவர்களே செய்து கற்கும்படி மாற்றினேன். நேர்வகுப்பில் விவாதம் சூடுபிடிக்கிறது. இணையவழியில் நால்வர் கொண்ட குழுவுக்குள் எட்டிப் பார்த்தால், ஒருவர் திரையைப் பகிர்ந்து தட்டச்சு செய்கிறார். மற்ற மூவரின் மைக்கும் அணைந்திருக்கிறது. போதாக்குறைக்கு, "நீங்களே விளக்கினால் இன்னும் நன்றாகப் புரியும்" என்று பலர் கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறார்கள். விரிவுரைக்கே திரும்பிவிடலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து திரும்பாதீர்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதத்தினரும் செயல்வழி வகுப்புகளில் 21.8 சதவீதத்தினரும் தேர்ச்சி பெறவில்லை எனத் தெரியவந்தது. உங்கள் மாணவர்களின் குறைக்கும் விளக்கம் உண்டு. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், செயல்வழியில் கற்றவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றும், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தடுமாறிக் கற்பது கற்காதது போலத் தோன்றும் என்பதை முதல் வாரத்திலேயே அவர்களிடம் மனம் திறந்து சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 2

மௌனத்துக்குக் காரணம் மாணவர்களின் கூச்சம் மட்டுமல்ல, நாம் கொடுக்கும் பணியின் அமைப்பும்தான் என்பது என் அனுபவம். ஒருவரே முடித்துவிடக்கூடிய பணியை நால்வரிடம் கொடுத்தால் ஒருவரே முடிப்பார்.

நான் இப்படிச் செய்கிறேன். நூலகப் புத்தகத்துக்குத் தாமதக் கட்டணம் கணக்கிடும் சிறிய ஃபங்ஷன் (நிரல் துண்டு) ஒன்றைக் காட்டுவேன்; அதில் "பெரியது" என்று இருக்க வேண்டிய ஒப்பீடு "பெரியது அல்லது சமம்" என்று இருக்கும். கெடு முடியும் நாளன்றே புத்தகத்தைத் திருப்பியவருக்கு என்ன விடை வரும் என்று, நிரலை இயக்குவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும். பிறகு, மாறுபட்ட விடை சொன்னவர்களை ஒரே குழுவில் சேர்ப்பேன். தன் விடையை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர் அதற்காக வாதாடாமல் இருக்க மாட்டார். விவாதம் முடிந்ததும் மறுவாக்கெடுப்பு, அதன் பிறகே நிரலை இயக்குவோம். எரிக் மசூர் 1991 முதல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் கையாண்ட முறையின் சாயல்தான் இது.

நீண்ட பணியானால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரலைக் கமிட் செய்து (மாற்றங்களைப் பதிந்து), புஷ் செய்யச் (குழுவின் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பச்) சொல்லுங்கள்; அடுத்தவர் அதை புல் செய்து (அங்கிருந்து இறக்கி) தன் கணினியில் தொடர வேண்டும்.

மறுமொழி 3

இணையவழிப் பிரிவைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. புல் ரெக்வெஸ்ட் (தன் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒருவர் விடுக்கும் கோரிக்கை) மீளாய்வு எழுத்தில் நடப்பது, தொழிலிலும் அப்படித்தான். வகுப்பில் வாயே திறக்காத என் மாணவி ஒருவர், "இந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தால் சராசரி என்னவாகும்?" என்று ஒரே ஒரு வரி எழுதினார், அந்தக் குழு தன் வடிவமைப்பையே மாற்றிக்கொண்டது. ஆனால் கருத்துகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தராதீர்கள், "நன்று" என்பதே பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொரு மீளாய்வாளரும், தோல்வியடையும் சோதனை, அதாவது நிரலின் பிழையை வெளிக்காட்டும் சோதனை, ஒன்றையாவது எழுதி இணைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அடுத்த வகுப்பிலேயே வாக்கெடுப்பைத் தொடங்குகிறேன். ஓர் ஐயம்: பிழையே இல்லாத நிரல் மீளாய்வுக்கு வந்தால் அந்த மாணவர் என்ன செய்வார்?

மறுமொழி 3

கெடு நாள், வெறுமையான பட்டியல் போன்ற எந்தெந்த எல்லை மதிப்புகளைச் சோதித்தார் என்பதை, வெற்றி பெற்ற சோதனைகளோடு எழுதித் தரட்டும். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.