பருவநிலைத் தீர்ப்புகளைப் புரிந்துகொள்ள உதவி வேண்டும்

வணக்கம். பருவநிலை மாற்றத்தை மனித உரிமைப் பிரச்சினையாகப் பார்க்கும் தீர்ப்புகளைப் படித்து வருகிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

2024 ஏப்ரலில், மூத்த பெண்கள் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் பருவநிலை மாற்றத்துக்கு எதிராகப் போதிய நடவடிக்கை எடுக்காமல் சுவிட்சர்லாந்து மனித உரிமையை மீறியதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. ஆனால் கூடவே தனித்தனியாக வந்த நான்கு பெண்களைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கவில்லை. வெப்ப அலையில் வாடுவது உடம்புதானே, சங்கம் இல்லையே! படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தனிமனிதர் எந்த அளவு பாதிப்பைக் காட்டினால் ஏற்பார்கள்?

அப்புறம், 2025 ஜூலையில் பருவநிலை மாற்றத்தில் நாடுகளின் கடமைகள் பற்றி சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்து நாடுகளைக் கட்டுப்படுத்தாது. சரி, உள்நாட்டு வழக்குகளில் அதை எப்படிப் பயன்படுத்துவது? வழக்காடிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.