பெரிய அயனி போகிறது, சின்னது ஏன் போவதில்லை?

நண்பர்களுக்கு வணக்கம். செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் கால்வாய்ப் புரதம் (பொட்டாசியம் அயனிகள் சவ்வைக் கடக்க வழிவிடும் துளையுள்ள புரதம்) பற்றி ஒரு சந்தேகம், மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது.

பொட்டாசியம் அயனியின் ஆரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு 0.95 தான். ஆனாலும் இந்தக் கால்வாய் பெரியதை நொடிக்குக் கோடிக்கணக்கில் விட்டுவிட்டுச் சின்னதைத் தடுக்கிறது! எனக்குப் புரிந்தவரை, குறுகலான அந்த இடத்தில் நுழைய அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். பொட்டாசியத்துக்குப் புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் நீரைப் போலவே சுற்றி நின்று அந்தச் செலவை ஈடுகட்டுகின்றன. சோடியம் சின்னது, அவற்றுக்கு எட்டுவதில்லை. 1998இல் ரோடரிக் மெக்கின்னன் என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்ட படிக அமைப்பிலிருந்து (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் கண்டறிந்த அணுக்களின் அமைப்பு) வந்த விளக்கம் இது. (2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, முழுத் தகுதியோடு.)

சரி, என் கேள்வி இதுதான். புரதம் கல் இல்லையே, அசைந்துகொண்டேதானே இருக்கும்? அந்த ஆக்சிஜன்கள் கொஞ்சம் உள்ளே சாய்ந்து சோடியத்தையும் பிடித்துக்கொள்ளலாமே, எது தடுக்கிறது? அவை ஒன்றையொன்று தள்ளுவதாலா, சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் இழுத்துப் பிடிப்பதாலா?

தெரிந்தவர்கள் விளக்குங்கள். கையால் ஒரு படம் வரைந்து போட்டாலும் பெரிய உதவி. இந்த வாரம் மாணவர்களுக்கு இதை நடத்த வேண்டும், அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை.