யூத வெறுப்புக் கருத்தாய்வு: கேள்வித்தாளுக்கு உதவி தேவை

இங்கிலாந்து, வேல்ஸில் பல மதத்தாரிடம் யூத வெறுப்பை அளக்கும் ஆய்வு இது. 2014-இல் ஏடிஎல் (யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பு) யூதர்களைப் பற்றி 11 எதிர்மறைக் கூற்றுகளைக் கேட்டது. 6-க்கோ அதற்கு மேலோ ‘அநேகமாக உண்மை’ என்றவர்களை யூத வெறுப்பாளர் கணக்கில் சேர்த்தது. எல்லாம் ஒரே திசை என்பதால், எதற்கெடுத்தாலும் ‘ஆமாம்’ போடுகிறவரும் அதில் விழுவார். (5 சொன்னவர் மட்டும் சுத்தமா என்ன?) ஆகவே நேர்மறைக் கூற்றுகளையும் கலக்கிறோம். இஸ்ரேல் கேள்விகள் கடைசியில்தான். முன்னால் வைத்தால் அந்தக் கோபம் மற்ற பதில்களிலும் ஏறிவிடும்.

சிக்கல், கேட்கத் தேர்ந்தெடுக்கும் மாதிரியில் (sample). 2021 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 6.5%. 1,000 பேரில் சுமார் 65 பேர்தான் வருவார்கள். பிழை வரம்பு ±12 புள்ளி! கூடுதலாக 400 முஸ்லிம்களைச் சேர்த்தால், வயது, கல்விக்கான எடையை (மாதிரியை மக்கள்தொகையோடு பொருத்தும் சரிக்கட்டலை) ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் தனியாகப் போடுவதா, மொத்தமாகவா? ‘தெரியாது’ என்ற பதில்களை விகிதத்தில் வைப்பதா, நீக்குவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.