10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு எந்தக் குண்டு வாங்குவது?

திருச்சி அப்பா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். இனி குண்டு டின் சொந்தமாக வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். கடையில் தட்டை மூக்கு, உருண்டை மூக்கு, கூர் மூக்கு என்று காட்டுகிறார்கள். கூரானதுதான் நேராகப் போகும் என்கிறார் கடைக்காரர். டின்னில் 4.49, 4.50 என்று வேறு போட்டிருக்கிறது. மச்சானோ, பேசாமல் பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிளுக்கே மாற்றிவிடு என்கிறார். எதை நம்புவது?

பழைய 50 மீட்டர்காரன்:
கூர் மூக்கை மறந்துவிடுங்கள். பார்க்கத்தான் அழகு. காகித டார்கெட்டுக்குத் தட்டை மூக்குதான். வட்டமாக வெட்டி எடுத்ததுபோல் ஓட்டை விழும். உருண்டை மூக்கு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டையின் விளிம்பு எங்கே என்று தெரியாது. 10 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், விளிம்பு தெரியாவிட்டால் ஸ்கோர் தகராறுதான். 25 மீட்டரைத் தாண்டிச் சுடுகிறவர்களுக்குத்தான் உருண்டை மூக்கு. காற்றை அது நன்றாகக் கிழித்துப் போகும்.

எடை 0.53 கிராம் பாருங்கள். 0.45 பெரும்பாலும் பிஸ்டல்காரர்கள் வாங்குவது.

4.49, 4.50 என்பது குண்டின் தலை விட்டம், மில்லிமீட்டரில். எது நல்லது என்று கடைக்காரர் சொல்ல முடியாது, பேரல்தான் சொல்லும். ரைஃபிளை அசையாமல் பிடிப்பானில் மாட்டி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்துக் குண்டு ஒரே புள்ளியில் சுட்டுப் பாருங்கள். ஓட்டைகள் எதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவோ அதை வாங்குங்கள், அதே லாட் எண்ணில், அதாவது டின்னில் போட்டிருக்கும் அதே தயாரிப்புத் தொகுதியில்.

பாயின்ட் டூ டூ வேறு உலகம். அது வெடிமருந்துத் தோட்டா. லைசென்ஸ், கிளப் அனுமதி எல்லாம் பார்க்க வேண்டும். அதிலும் வேகமான தோட்டா நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. 50 மீட்டர் போட்டிக்கு நாங்கள் போடுவது 40 கிரெயின் எடைக் குண்டுள்ள சாதாரண வேகத் தோட்டா, விநாடிக்குச் சுமார் 325 மீட்டர், ஒலியை விடக் கொஞ்சம் குறைவு. 380ல் கிளம்பும் ஹை வெலாசிட்டி, டார்கெட்டுக்குப் போவதற்குள் ஒலி வேகத்துக்கு இறங்கி வரும்போது தடுமாறும். சத்தம் அதிகம், குரூப் மோசம், ஓட்டைகள் சிதறி விழும்.

ரேஞ்ச் அக்கா:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே லாட் டெஸ்ட் எதற்கு? 4.49க்கும் 4.50க்கும் உள்ள வித்தியாசத்தை அவள் தோளின் ஆட்டமே விழுங்கிவிடும். முதல் வருஷம் நடுத்தர விலையில் ஒரு மேட்ச் குண்டு (போட்டிக்கானது), தட்டை மூக்கு, 4.50, போதும். மிச்சக் காசில் சுடும்போது போட நல்ல ஷூட்டிங் ஜாக்கெட் வாங்குங்கள்.

இன்னொன்று. டின்னைக் கீழே போட்டால் குண்டின் பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்பு நசுங்கும். நசுங்கினது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. போடும்முன் விரலில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சி அப்பா:
சரி அக்கா, 4.50 வாங்கிவிடுகிறேன். மச்சான் அதை வைத்துத் தோட்டத்தில் கொக்கு சுடலாமா என்கிறார்!

பழைய 50 மீட்டர்காரன்:
1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போவார். ரைஃபிளைப் பூட்டி வையுங்கள்.

அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஜாக்கெட் முதலில். அப்புறம், குண்டு ஈயம். கை கழுவாமல் பிஸ்கட் பாக்கெட்டைத் தொட விடாதீர்கள்.